சுருங்கிய பழமும் நான்கு நாள் மௌனமும்

அனு, கார்த்தி, இன்று மத்தியானம் ஃப்ரிட்ஜைத் திறந்ததும் கொய்யாவையும் எலுமிச்சையையும் ஒரே பையில் போட்டுவைத்ததுபோல ஒரு வாசனை மூக்கில் ஏறியதே, அது கெட்டுப்போன வாசனை இல்லை. "சீ, சட் கயா, அழுகிடுச்சு" என்று நீங்கள் குப்பைக் கூடையில் போட்ட மூன்று பழங்களும், சாணக்யபுரியில் நான் வேலை பார்க்கும் விருந்தினர் இல்லத்தில் தங்கிய ஒரு வடகிழக்குக்காரர் ஆசையாகக் கொடுத்தவை. உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இதே பழத்துக்கு இதே தப்பை என் அம்மாவும் செய்திருக்கிறாள்.

அப்போது நான் மந்திர் மார்க் பள்ளியில் நான்காம் வகுப்பு. அரசாங்கக் குவார்ட்டர்ஸில் எங்களுக்குக் கீழ்வீடு, மாடியில் மிசோரத்துக்காரரான ரினி ஆன்ட்டி. கும்பகோணத்திலிருந்து வந்து இந்தி தெரியாமல் விழித்த அம்மாவை ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கைபிடித்துக் கூட்டிப்போனவர். இந்தத் தலைநகரில் அம்மாவுக்கு இருந்த ஒரே சிநேகிதி. ஒரு ஜூன் மாதக் கடைசியில் ஊருக்குப் போய்த் திரும்பியவர், ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த ஆறு ஊதாப் பழங்களை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனார். தோலெல்லாம் ஒரே சுருக்கம்.

"ரயில் சூட்டுல வதங்கிப் போச்சு. பாவம், அவளுக்குத் தெரியலை," என்றாள் அம்மா.

"அச்சா, ஜல்தி தூக்கிப் போடு. பையனுக்கு வயித்தைக் கலக்கிடும்," என்றார் அப்பா.

மாடிப்படிக்கு அடியில் இருந்த குப்பைத் தொட்டி இரண்டு வீட்டுக்கும் பொது. மறுநாள் காலையில் தன் வீட்டுக் குப்பையைக் கொட்ட வந்த ரினி ஆன்ட்டி பழங்களைப் பார்த்துவிட்டு, குப்பையைக் கொட்டாமலே மேலே ஏறிப் போனார். நான்கு நாள் பேச்சில்லை. படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் அம்மா அடுப்பை விட்டு வாசலுக்கு வருவாள். சத்தம் நிற்காமல் தாண்டிப் போகும். ஐந்தாம் நாள் என்னையும் இழுத்துக்கொண்டு மேலே போனாள்.

"தீதி, மாஃப் கரோ, மன்னிச்சுடு அக்கா. இப்படி இருந்தா கராப்னு நெனச்சேன்," என்று தன் கன்னத்தையே கையால் சுருக்கிக் காட்டினாள்.

ரினி ஆன்ட்டி வாய்விட்டுச் சிரித்தார். "அரே பக்லீ, அடி பைத்தியமே, சுருங்கினால்தான் இனிக்கும்! நாளைக்கு உன் மூஞ்சியும் சுருங்கும், அப்போது உன்னையும் தொட்டியில் போடலாமா?" என்று இந்தியில் கேட்டது எனக்கே புரிந்தது.

தனக்கென்று வைத்திருந்த இரண்டு பழங்களை அவர் வெட்டினார். உள்ளே மஞ்சள் குழம்பில் மிதக்கும் கறுப்பு விதைகள். அதைப் பானைத் தண்ணீரில் கரைத்து, சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டார். அம்மா வடிகட்டியைத் தேட, அவர் அம்மாவின் கையைப் பிடித்துத் தடுத்தார். வடிகட்டினால் நார்ச்சத்தெல்லாம் போய்விடும் என்று பின்னால்தான் நான் தெரிந்துகொண்டேன். கண்ணுக்கு நல்லதான வைட்டமின் ஏ, சி எல்லாம் இதில் இருக்கிறதாம். மருந்து என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அந்த வெயிலில் ஒரு டம்ளர் உள்ளே போனதும் உடம்பு முழுக்க ஜன்னல் திறந்தமாதிரி இருந்தது. கடையில் 'பேஷன் ஃப்ரூட்' என்கிறார்களே, அதுதான். கொடைக்கானல் பக்கம் 'தாட்பூட் பழம்'. தென் அமெரிக்கக் காட்டுக்கொடி, கடல் தாண்டி வந்து நம் மலைகளில் ஏறி, அந்தந்த ஊர்ப் பெயரை வாங்கிக்கொண்டு சொந்தமாகிவிட்டது.

அந்தக் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள், மாடிப்படியும் இல்லை, தொட்டியும் இல்லை. ரினி ஆன்ட்டி ஓய்வு பெற்று, மிசோரத்தில் தன் ஊரான ஐஸாலுக்குப் போனார். கடைசி வருஷங்களில் கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் "இப்ப நான் நல்லா பழுத்துட்டேன், தீதிகிட்ட சொல்லு," என்று சிரித்த அம்மாவும் இல்லை.

நீங்கள் டியூஷனுக்குப் போனதும் கூடையிலிருந்து மூன்றையும் எடுத்துக் கழுவினேன். ஒன்றை வெட்டி, அடுப்படியில் நின்றபடியே, விதை கடிபடும் சத்தம் கேட்கத் தின்றேன். மற்ற இரண்டையும் துடைத்து, ஃப்ரிட்ஜைத் திறந்தால் முதலில் கண்ணில் படும் தட்டில் வைத்தேன்.