முப்பத்தெட்டுப் பேரில் கஸ்பார்

ஒகேனக்கல்லில் காவிரியின் நீர்மட்டத்தைத் தினமும் காலை எட்டு மணிக்குப் பார்த்து எழுதுவது ஸ்தனிஸ்லாசின் வேலை. அளவுகல்லில் தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதை எழுதுவார், கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை. பென்னாகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவக் கிராமம் அவருடையது. கடலை அவர் இரண்டு முறைதான் பார்த்திருந்தார்.

கடலோடு அந்தக் குடும்பத்துக்கு இருந்த ஒரே தொடர்பு கொள்ளுத்தாத்தா கஸ்பார். 1876-இன் தாது வருஷப் பஞ்சத்தில் நிலம் காய்ந்தபோது, மனைவி வியாகுலத்தையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு நடந்தே சென்னைக்குப் போனவர். கப்பலேறினார் என்று ஒரு பேச்சு வந்தது. அதற்குப் பிறகு பேச்சும் வரவில்லை. ஆறு வருடம் காத்திருந்த வியாகுலம், பண்ணையாளாக இருந்த மாது என்பவனைக் கட்டிக்கொள்ளக் கோயிலில் அனுமதி கேட்டாள். புருஷன் செத்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். அவளிடம் எங்கிருந்து வரும்? கல்யாணம் நடக்கவில்லை, இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஒரு பெண் குழந்தை பிறந்தது. காலராவில் வியாகுலம் செத்தபோது, கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைத்தார்கள்.

1983 மழையில் அந்தச் சுவர் இடிந்தது. புதிதாகக் கட்டக் கோயிலின் பங்குக் கமிட்டி கூடியது. சுவரைப் பதினைந்து அடி தள்ளிக் கட்டி வியாகுலத்தின் குழியையும் உள்ளே சேர்க்க வேண்டும் என்று ஸ்தனிஸ்லாஸ் மனு கொடுத்தார்.

கமிட்டித் தலைவர் ராயப்பன் மனுவைப் படித்துவிட்டு மடித்தார். “ஸ்தனிஸ்லாசு, அந்தம்மா புருஷன் இருக்கறப்பவே இன்னொருத்தன்கூட இருந்தவங்க. இதுல நான் என்னா பண்றது?”

“அவரு போயி நூறு வருஷமாச்சுங்களே. இன்னுமா இருக்காரு?”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். ராயப்பனும் சிரித்தார்.

“இப்ப இல்லப்பா. அப்ப. அந்தப் புள்ள பொறக்கறதுக்கு முன்னாடியே அவன் செத்தான்னு ஒரு காயிதம் கொண்டா. சொவுத்த நகத்திரலாம்.”

ஸ்தனிஸ்லாஸ் விடுப்பு எடுத்துச் சென்னை ஆவணக் காப்பகத்துக்குப் போனார். முதல் விடுப்பு முழுவதும் வீண். இலங்கைக்கும் மொரீசுக்கும் போன தோட்டக் கூலிகளின் பட்டியல்களிலேயே தேடிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்கள் எல்லாரும் அதற்குத்தான் போனார்கள். கேழ்வரகு விதைத்த ஒருவன் கப்பலிலேயே வேலை பார்த்திருப்பான் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கும்.

தோன்ற வைத்தது கோயில் பெட்டிதான். ஞானஸ்நானப் பதிவேட்டில் தேதி பார்க்கப் போனவர், தாள்களுக்கு நடுவே ஒரு கடிதத்தைக் கண்டார். பிரெஞ்சில் இருந்தது. பங்குச் சாமியார் படித்துச் சொன்னார். 1880-இல் சென்னைத் துறைமுகப் பக்கத்து குருவானவர் ஒருவர் எழுதியது: உங்கள் பங்கைச் சேர்ந்த கஸ்பார் ‘லேடி ஹாரியட்’ என்ற நீராவிக் கப்பலில் கரி அள்ளிப் போடுகிறான்; இதற்குமுன் ரங்கூன் அரிசிக் கப்பலில் இரண்டு வருடம் இருந்தான்; நலமாக இருப்பதை அவன் மனைவிக்குச் சொல்லவும்.

சொன்னதற்கு எந்தக் குறிப்பும் இல்லை. அவளிடம் அத்தாட்சி கேட்ட கோயிலின் பெட்டியிலேயே அவள் புருஷனின் செய்தி நூறு வருடம் கிடந்தது.

கப்பலின் பெயர் கிடைத்ததும் மற்றது சுலபமாயிற்று. 1882 நவம்பர் ஒன்பதாம் தேதி, பர்மாக் கரையோரம் பாறையில் மோதி ‘லேடி ஹாரியட்’ உடைந்தது. விசாரணை அறிக்கையை அகராதி வைத்துக்கொண்டு ஸ்தனிஸ்லாஸ் நான்கு நாள் படித்தார். செத்த வெள்ளைக்கார அதிகாரிகள் ஐந்து பேருக்கும் பெயர், வயது, ஊர் இருந்தன. பந்தயத்துக்காக ஏற்றியிருந்த மூன்று குதிரைகளுக்குப் பெயர் இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி: சுதேசிகள், முப்பத்தெட்டு.

பெயர் வேறிடத்தில் இருந்தது. தப்பிப் பிழைத்த ஆற்காட்டுக்காரன் ஒருவன் மொழிபெயர்ப்பாளர் மூலம் சாட்சி சொல்லியிருந்தான். “கரி அறையில் ஆறு பேர் இருந்தோம். நான் ஏணிக்குப் பக்கத்தில் இருந்தேன். சேலம் ஜில்லாக் கிறிஸ்தவன் கஸ்பார் உலை வாயில் நின்றான். தண்ணீர் வந்தது. பிறகு அவனை நான் பார்க்கவில்லை.” விசாரணை அதிகாரியின் அடுத்த கேள்வி, இறைக்கும் பம்பு ஒழுங்காக ஓடியதா என்பது.

ஸ்தனிஸ்லாஸ் நகல் வாங்கிக்கொண்டு, கஸ்பார் காலத்தில் சேலம் ஜில்லாவில் இருந்த தருமபுரிக்கு பஸ் ஏறினார். வியாகுலத்தின் மகளுக்கு ஞானஸ்நானம் 1884 ஏப்ரலில். இடையில் பதினேழு மாதம். ராயப்பன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். “சரிதாம்பா. உங்க பாட்டிய உள்ள எடுத்துக்கலாம். அந்த எடத்துல மட்டும் சொவுத்த வளச்சுக் கட்டிரலாம்.”

வீட்டில் சொன்னபோது அவர் மனைவி ராஜமேரி முறத்தைக் கீழே வைக்கவில்லை.

“வளச்சுன்னா? பக்கத்துல இருக்கறவங்க?”

பக்கத்தில் இன்னும் மூன்று குழிகள் இருந்தன. ஒன்று ஆற்றில் குதித்துச் செத்த தீர்த்தம்மாளுடையது. மற்ற இரண்டு, ஞானஸ்நானத்துக்கு முன்பே போய்விட்ட குழந்தைகளுடையவை.

“அவங்களுக்கு அத்தாட்சி இல்லியே” என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

“ரெண்டு நாளு உசுரோட இருந்த கொழந்தைக்கு எந்தக் கப்பல்லங்க போயி காயிதம் தேடுவீங்க? நீங்களும் கமிட்டிக்காரரு மாதிரியே பேசறீங்க.”

ஸ்தனிஸ்லாஸ் மறுநாள் கமிட்டிக்குப் போய், நான்கையும் சேர்த்துக் கட்டக் கேட்டார். ராயப்பனுக்குக் கோபம் வந்தது. “ஒண்ணு குடுத்தா நாலு கேக்கற. காயிதம் இருக்கறத மட்டும் பேசு.”

“காயிதம் இல்லாதவங்க சாவலீங்களா?”

“இது கோயிலு. பேச்சுப் போட்டியில்ல.”

அதோடு கூட்டம் முடிந்தது.

1986 ஆடியில் வேலை தொடங்கியது. கொத்தனார் கோவிந்தன் நூல் கட்டிக்கொண்டு வந்தார். வியாகுலத்தின் குழியருகே வளைவுக்கு முளை அடித்திருந்தது. ஸ்தனிஸ்லாஸ் அந்த முளையைப் பிடுங்கிப் பழைய சுவர்க் கோட்டில் அடித்தார்.

“நேராவே போங்க.”

கோவிந்தனுக்குப் புரியவில்லை. “ஏங்க, உங்க பாட்டி வெளிய போயிருவாங்களே. இதுக்கா மெட்ராசுக்கு அத்தன தரம் அலைஞ்சீங்க?”

“அவரு எங்க செத்தாருன்னு தெரிஞ்சுகிட்டேன். அந்த மூணு பேர வுட்டுட்டு இந்தம்மா மட்டும் உள்ள போவ வேணாம்.”

“தலைவரு கேட்டா?”

“நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

சுவர் நேராகவே எழுந்தது. ராயப்பன் இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. ஸ்தனிஸ்லாஸ் ஒரு கருங்கல் பலகையில் ‘வியாகுலம், கஸ்பாருக்கும் மாதுவுக்கும் மனைவி’ என்று வெட்டி நட்டார். கஸ்பாரின் பெயருக்குக் கீழே கப்பலும் தேதியும் இருந்தன.

அந்த நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளில் சாமியார் உள்ளே தீர்த்தம் தெளித்துக்கொண்டு போனார். ராஜமேரி சுவருக்கு வெளியே நான்கு மெழுகுவர்த்திகளை ஏற்றினாள். உள்ளே நின்றிருந்த பாக்கியமேரி என்ற கிழவி கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்திருந்துவிட்டு வாசல் வழியாகச் சுற்றி வந்தாள். குழந்தைக் குழிகளில் ஒன்று அவள் பெற்ற குழந்தையுடையது. அதனருகே உட்கார்ந்தாள்.