முதல்ல தப்பா சொல்லு

போனை எடுத்த என் மருமகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அத்தை, அக்கா போயிருச்சு. நெஞ்சு வலிக்குதுன்னாகளாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..."

அக்கா என்றால் அவளுடன் பிறந்த பழனிசெட்டிபட்டி வளர்மதி. கணக்கில் பட்டம் வாங்கியவர். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். இறந்தவர்களைப் பற்றி நல்லதே சொல்ல வேண்டுமாம், சொல்கிறேன். ஆனால் என் மகன் கல்யாணத்தில், மாப்பிள்ளையைப் பெற்ற என்னை அவர் முதல் பந்திக்குக் கூப்பிடவில்லை. அதையும் சொல்லாமல் விடமாட்டேன்.

வகுத்தல் வரவில்லை என்று என் பேத்தி கயலைப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு எண்ணைக் கண்டாலே பிள்ளைக்குக் குமட்டும். "வீட்டுலயே இருக்கட்டும். எம்பிள்ளைகளோட சேத்து கம்ப்யூட்டர்ல நான் சொல்லித்தாரேன்" என்றார் வளர்மதி.

"என்னைய மாதிரி இவளும் பாதியில நிக்கவா?" என்று சண்டைக்குப் போனேன்.

"பயத்தைத்தான் நிப்பாட்டுறேன் அத்தை, படிப்பை இல்ல."

சின்னமனூரில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அவர் முகம் தெரிந்தது. பக்கத்தில் அவருடைய இரண்டு வாண்டுகள். "ஒரு தார்ல எட்டுச் சீப்பு. சீப்புக்குப் பன்னெண்டு காய். மொத்தம் எத்தனை? முதல்ல எல்லாரும் தப்பாத்தான் சொல்லணும்!"

கயல் முணுமுணுத்தாள். "எட்டு."

"அடி சக்கை! என்ன அழகான தப்பு! எப்படி வந்துச்சு, கண்டுபிடிங்க!"

"சீப்ப எண்ணிட்டு காய விட்டுட்டா!" என்று வாண்டுகள் கத்தின. கயல் சிரித்தாள். கணக்கைக் கேட்டு என் பேத்தி சிரித்தாள்!

எனக்கு நிலைகொள்ளவில்லை. கரண்டியோடு ஓடிவந்து, "தொண்ணூத்தாறு!" என்றேன்.

"அத்தை, சரியாச் சொல்லிப்புட்டீக. ஆட்டத்தை விட்டு வெளிய போங்க!"

போனேன். அதையும் மறக்கவில்லை.

மறு வருடம் கயல் பள்ளிக்கூடம் திரும்பினாள். லீவு நாளில் மட்டும் பெரியம்மாவோடு கணக்கு ஆட்டம்.

காரியம் முடிந்த மறுநாள் கயலே கம்ப்யூட்டரைத் திறந்தாள். அந்தப் பக்கம் தாயில்லாத இரண்டு பிள்ளைகள், தலை குனிந்தபடி.

"பந்திக்கு இருபது இலை. அஞ்சு பந்தி. மொத்தம் எத்தனை? முதல்ல தப்பா சொல்லுங்க" என்றாள்.

நான் முன்னால் போய் உட்கார்ந்தேன். "தொண்ணூத்தொம்பது."

சின்னவன் மெல்ல நிமிர்ந்தான். "எப்படி அப்பத்தா?"

"முதல் பந்தியில உங்கம்மா எனக்கு இலை போடலையே!"

பிள்ளைகள் குபீரென்று சிரித்தார்கள்.

வளர்மதி, இந்தத் தடவை தப்பாகத்தான் சொன்னேன். போய் வாருங்கள் தாயே. நான் வரும்போது, அங்கேயாவது முதல் பந்தியில் எனக்கு ஓர் இலை போட்டு வையுங்கள்.