வெர்னாவின் ஒரே வசனம்

ஹாலிவுட் படங்களில் வருஷக்கணக்காகக் கூட்டத்தோடு கூட்டமாக நின்ற என் அறைத்தோழி வெர்னாவுக்கு ஒருவழியாக ஒரு படத்தில் ஒரு வசனம் கிடைத்தது. சின்னச் சிறுகதையைப் படமாக இழுத்தபோது சேர்த்த வரி. எப்போது வேண்டுமானாலும் வெட்டிவிடலாம். வெளியிடும் முன் ஏதாவதொரு தியேட்டரில் போட்டுப் பார்ப்பார்கள். ஜனங்கள் எங்கே இருமுகிறார்களோ அங்கே கத்தரி விழும்.

அப்படிப் போட்டுப் பார்த்த கிளென்டேல் தியேட்டரில், யாரும் இருமிவிடக் கூடாதென்று அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் வெர்னா புதினா மிட்டாய் நீட்டினாள்.

"ஏண்டி, தியேட்டருக்கே ஊட்டிவிடப் போறியா?" என்றேன்.

"முன்னால இருக்கிற குண்டு ஆளு மிட்டாய் வேண்டாங்கறாருடி. தொண்டைய வேற செருமுறாரு."

அவள் காட்சி வந்தது, போனது. ஒருவரும் இருமவில்லை. வெர்னா என் கையைப் பிடித்தாள்.

"என் வசனம் வந்துச்சாடி? நான் அந்தாளு கழுத்தையே பாத்துட்டிருந்தேன்."

"வந்துச்சு. நல்லாத்தான் சொன்ன."

"சத்தியமா?"