பகலில் குறைந்த தண்ணீர்

செத்துப்போன அத்தை திரும்பி வந்துவிட்டாள் என்பதை ஏழாம் வகுப்பு அறிவியல் பாடத்தின் உதவியோடுதான் நான் கண்டுபிடித்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் பாடத்திட்டம் மாறியது. டீச்சர் சொல்லச் சொல்ல எழுதி மனப்பாடம் செய்த காலம் போய், நாங்களே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அளந்து, அட்டவணை போட்டு விடை தேட வேண்டும் என்றார்கள். வெயில் ஏறத் தொடங்கிய மாதம். வீட்டுக் கிணற்றில் காலையும் மாலையும் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று மூன்று வாரம் அளந்து வரச் சொன்னார் டீச்சர். கண்டதை எழுதுங்கள், நினைத்ததை எழுதாதீர்கள் என்று மலையாளத்தில் இரண்டு முறை சொன்னார். யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்கிற அசட்டுப் பெண் நான்.

கரமனையில் எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரு கிணறு. நடு மதில் கிணற்றின் மேலேயே குறுக்காகப் போகும். இந்தப் பக்கம் ஒரு கப்பி, அந்தப் பக்கம் ஒரு கப்பி. தண்ணீர் மட்டும் பொது. அடுத்த வீட்டு மாமாவும் மாமியும் பிள்ளையோடு இருக்க பம்பாய் போய் ஒரு வருஷமாகியிருந்தது. பூட்டிய வீட்டின் சாவி அம்மாவிடம் இருந்தது. மாதத்துக்கு ஒரு தடவை போய்ப் பெருக்கிவிட்டு வருவாள். அந்தக் கிணற்றில் அளவுக்கயிறு விடுவதற்கு அம்மாவிடம் அனுமதி வாங்குவதே பெரும்பாடாயிற்று. பருத்திக் கயிறு விழுப்பு, தீட்டு ஒட்டும், நைலானுக்குத் தோஷமில்லை என்று கடைசியில் தீர்ப்பானது.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் ஒரே தங்கை, எங்களோடுதான் இருந்தாள். தினமும் எனக்குத் தலை பின்னிவிடுவது அவள்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவள் வீட்டில் இல்லை. அப்பா கட்டிய வேட்டியோடு கிணற்றடியில் நின்று குடம் குடமாகத் தலையில் கொட்டிக்கொண்டார். ஈரம் சொட்ட உள்ளே வந்து, "அவளைத் தலைமுழுகியாச்சு" என்று அம்மாவிடம் சொன்னார். வெளியூரிலிருந்து சாவுச் செய்தி வந்தால் எங்கள் தெருவில் அப்படித்தான் குளிப்பார்கள். ஆகவே அத்தை செத்துவிட்டாள் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். யாரும் என்னைத் திருத்தவில்லை. அவள் படத்தைச் சுவரிலிருந்து எடுத்தார்கள், பெயரைச் சொல்வதை நிறுத்தினார்கள். நான் ரொம்ப நாள் அழுதேன்.

எங்கள் வீட்டில் எல்லோரும் காலை எட்டு மணிக்குள் குளித்து முடித்துவிடுவோம். அதற்குப் பிறகு கிணற்றுப் பக்கம் யாரும் போவதில்லை. சமையலுக்கும் பாத்திரத்துக்கும் குழாய்த் தண்ணீர். எட்டு மணிக்கு ஒரு முறை அளப்பேன். பள்ளிவிட்டு வந்து நாலரைக்கு ஒரு முறை. இடையில் ஊற்று ஊறி, தண்ணீர் கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு விரல் ஏறியிருந்தது. திங்கட்கிழமை நாலு விரல் இறங்கியிருந்தது. செவ்வாயும் புதனும் அப்படியே.

"மத்தியானம் தண்ணி எறச்சயாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா சேனை நறுக்கிக்கொண்டிருந்தாள். "நான் எதுக்குடி எறைக்கறேன்? காலம்பற விட்டா கெணத்தடிக்கே போறதில்லையே" என்றாள். அதையும் அட்டவணையில் ஒரு கட்டம் போட்டு எழுதிக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் ஒரு நாள் பள்ளியில் சமரம், மாணவர் வேலைநிறுத்தம். கொடியோடு வந்தவர்கள் பத்தரை மணிக்கு எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் வந்தது அம்மாவுக்குத் தெரியாது. புதிதாக ஒரு அளவு கிடைக்கும் என்ற ஆசையில் நேரே கிணற்றடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவரில் கவிழ்ந்து எட்டிப் பார்த்தேன். நான் இன்னும் கயிறு விடவில்லை. தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது.

அசையாமல் பார்த்தபடி இருந்தேன். அலை அடங்கியதும் என் முகம் தெரிந்தது. மதிலின் நிழல் ஒரு கறுப்புப் பட்டையாகக் குறுக்கே கிடந்தது. பட்டைக்கு அந்தப் பக்கம் இன்னொரு முகம் இருந்தது. அத்தை. கன்னம் ஒட்டிப்போய், ஈரத்தலையோடு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே எங்கள் இருவருக்கும் நடுவில் ஆள் உயரச் சுவர், கீழே ஒன்றுமில்லை. அவள் உதட்டில் விரல் வைத்தாள். கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அப்பாட்ட சொல்லாதே, கேட்டயா."

தண்ணீரைப் பார்த்துத் தலையாட்டினேன். மறுபடி அலை எழுந்து, அடங்கியபோது என் முகம் மட்டும் இருந்தது. அன்று முழுவதும் பயமாக இருந்தது. ஆனால் அவளை மறுபடி பார்த்ததில் ஒரு சந்தோஷமும் இருந்ததை மறைப்பானேன். கண்டதை எழுது என்கிறார் டீச்சர், சொல்லாதே என்கிறாள் அத்தை. தண்ணீரின் அளவை மட்டும் எழுதினேன். இருவருக்கும் நியாயம் செய்துவிட்டதாக நினைப்பு.

மூன்று வாரம் முடிந்ததும் வகுப்பில் நாலு நாலு பேராக உட்கார்ந்து எண்களை அலசினோம். என் அட்டவணையை டீச்சர் நடுவில் வைத்தார். இறங்கிய நாட்கள், ஏறிய நாட்கள். ஏறிய நாட்களுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது என்று கேட்டார். பள்ளி விடுமுறை என்றாள் ஒருத்தி. சமரத்தன்று பள்ளி இல்லை, ஆனால் தண்ணீர் இறங்கியிருந்தது. அந்த விடை போயிற்று. பள்ளி இருந்த ஒரு வியாழக்கிழமை தண்ணீர் ஏறியிருந்தது. அன்று வீட்டில் என்ன நடந்தது என்றார் டீச்சர். அப்பாவுக்குக் காய்ச்சல், ஆபீஸ் போகவில்லை என்றேன். வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று ஒரு வரிசை சேர்க்கச் சொன்னார். சேர்த்ததும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அப்பா இருந்தால் ஏறுகிறது. அப்பா இல்லாவிட்டால் இறங்குகிறது.

பேய்க்கும் அப்பாவிடம் பயம்தான் என்று எனக்குத் தோன்றியது. டீச்சர் பாராட்டி, பெற்றோரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்.

அப்பாவுக்கு அரசாங்க ஆபீசில் தணிக்கை வேலை. பிறர் எழுதிய எண்களில் எது இடிக்கிறது என்று பார்ப்பதற்குத்தான் சம்பளம். நோட்டை வாங்கி, பேனா முனையை ஒவ்வொரு வரிசையாக இறக்கிக்கொண்டு வந்தார். அம்மா தண்ணீர் இறைத்தாளா என்பதற்கு 'இல்லை' என்று நான் எழுதியிருந்த கட்டத்தில் பேனா நின்றது. பிறகு கடைசி வரிசை. மதில் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"நன்னாப் பண்ணியிருக்கே" என்று கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் நாலரைக்கு நான் வந்தபோது அப்பா வீட்டில் இருந்தார். அடுத்த வீட்டுச் சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அப்பாட்ட ஏதாவது சொன்னயாடி?"

"சத்தியமா ஒரு வார்த்தை சொல்லலைம்மா."

அது உண்மை. அம்மாவும் நம்பினாள்.

அத்தை வேற்று மதத்துக்காரர் ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனதும், அவர் இறந்த பின் அவர் வீட்டிலும் சேர்க்காமல் ஒற்றைப் பையோடு வந்து நின்றதும், அம்மா அவளைப் பூட்டிய வீட்டில் வைத்துச் சோறு போட்டதும் எனக்குக் கல்லூரி நாட்களில்தான் தெரிந்தது. அன்று மத்தியானம் அப்பா அனுப்பிய பிறகு அவள் எங்கே போனாள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்த வயதில் நான் அறிந்ததெல்லாம், அப்பா பேயை விரட்டிவிட்டார் என்பதுதான். வருத்தமாக இருந்தது, இனிக் கிணற்றடிக்குப் பயமில்லாமல் போகலாம் என்ற நிம்மதியும் இருந்தது.

அளக்கும் வேலை முடிந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகுதான் அம்மா தினமும் சாயங்காலம் என் பின்னால் கிணற்றடிக்கு வந்து, "கயத்தை விட்டுப் பாரு, இன்னிக்கு எத்தனை?" என்று கேட்கத் தொடங்கினாள். "ஏறியிருக்கும்மா, கொறையவே இல்லை" என்பேன் உற்சாகமாக. "சரியாப் பாத்தயோ? இன்னொரு தடவை விட்டுப் பாரேன்" என்பாள். எந்த அளவையும் இரண்டு முறை எடுக்க வேண்டும் என்று டீச்சரும் சொல்லியிருந்தார். அம்மாவுக்கும் அறிவியலில் ஆசை வந்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.