சித்திரைப் புள்ளி

அன்புப் பிள்ளைகளே கலா, பாபு! போன ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தபோது, கலாவின் கணினித் திரையில் இரண்டு புள்ளிகளை ஒரு நேர்கோடு சேர்த்தது. ஓர் ஏரியின் தண்ணீர் மட்டமாம். ஜனவரியில் ஒருமுறை, ஜூலையில் ஒருமுறை அளந்ததாம்.

"அப்ப ஏப்ரல்ல எவ்ளோ?" என்று கேட்டேன்.

"யாரும் அளக்கல நைனா. கோட்டுல பாத்து புரோகிராமே சொல்லிடும்."

எனக்குக் கரித்துண்டு ஞாபகம் வந்தது. என் நைனா, உங்கள் தாத்தா, வடக்கே லாரி ஓட்டினார். பொங்கலுக்கு வந்து போனால் ஆடிக் கிருத்திகைக்குத்தான் வருவார். வந்ததும் என்னைக் கதவு நிலையில் சாய்த்து, தலைக்கு மேல் கரியால் கோடு கிழிப்பார். ஓர் ஆடியில், பொங்கலுக்குப் போட்ட கோட்டுக்கும் புதுக் கோட்டுக்கும் நூல் பிடித்து, அதைப் பாதியாக மடித்து, நடுவில் ஒரு புள்ளி வைத்தார்.

"சித்திரையில என் பையன் இவ்ளோ ஒசரம் இருந்திருப்பான்."

அம்மா சிரித்தாள். "அய்ய, பெரிய இன்ஜினீரு! சித்திரை பூரா அவன் காமாலையில படுத்துக்கினு இருந்தான். கஞ்சிகூட துன்னல. பொறவுதான் கிடுகிடுன்னு வளந்தான்."

"எனக்குச் சொல்லவே இல்லியே?"

"சொன்னா நீ நிம்மதியா வண்டி ஓட்டுவியா?"

நைனா கட்டைவிரலால் அந்தப் புள்ளியை மட்டும் அழித்தார்.

கலா, உன் கோடு தப்பென்று நான் சொல்லவில்லை. அளக்க ஆளில்லாத இடத்தில் அதுதான் துணை. ஆனால் ஞாயிறு உங்களைப் பார்த்துவிட்டுத் திருச்சானூர் லாட்ஜ் வேலைக்குத் திரும்பினால், அடுத்த ஞாயிறுவரை எல்லாம் நேராகவே போகும் என்று நானும்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இரண்டு ஞாயிறுக்கும் நடுவில், இந்தப் புதன்கிழமை மதியம், லாட்ஜ் மொட்டைமாடியில் தனியாக நின்று, காரணம் எதுவுமில்லாமல் வீட்டுக்குப் போன் போட்டேன்.