குறை இருக்கிறதா என்று கேட்டார்கள்

தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் எங்கள் டிரஸ்ட் ஆபீஸ் இருந்தது. ஆபீஸ் என்றால் இரண்டு மேசை, ஒரு டைப்ரைட்டர், மழைக்கு ஒழுகும் ஒரு கூரை, அவ்வளவுதான். எண்பதுகளின் கடைசியில், நான் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் பேப்பர் புரட்டிக்கொண்டிருந்த நாளில் அங்கே போய்ச் சேர்ந்தேன். அவர்கள் கொடுத்ததைச் சம்பளம் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும். ஆனால் என் வாழ்க்கையில் காலையில் எழுந்து ஓடிப்போகத் தோன்றிய வேலை அது ஒன்றுதான். இப்போதும் மின்சார ரயில் தாம்பரத்துக்குள் நுழையும்போது அந்த மாடி ஜன்னல் கண்ணில் படுகிறதா என்று எட்டிப் பார்க்கிறேன். படாது, அங்கே இப்போது நாலு மாடிக் கடை இருக்கிறது.

டிரஸ்டை நடத்தியவரை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். கல்லூரி வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் முறையையே மாற்றப் போகிறேன் என்று கிளம்பியவர். ஐரோப்பாவில் ஒரு சின்ன ஊர், அங்கே இருந்த பள்ளி ஆசிரியைகள் சிலர் அவருக்குக் கூட்டாளிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் கேக் செய்து விற்று, அந்தக் காசைச் சேர்த்து ஆண்டுக்கு ஒரு முறை அனுப்புவார்கள். "அவங்க ஊர் கேக்குல நம்ம ஊர்ப் பிள்ளைங்க படிக்குது சார்" என்று நான் கேலி செய்வேன். அவர் சிரிக்க மாட்டார். பெரிய காரியம் செய்கிறவர்களுக்குச் சிரிப்பு கொஞ்சம் குறைவு என்பது என் அனுபவம்.

அந்தப் பணத்தில் இரும்புலியூரில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்ட பெண்பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தினோம். ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ படிக்கவைத்து, திரும்பப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது திட்டம். எங்கள் முறையில் பிரம்பு கிடையாது, கோரஸாக ஒப்பிப்பதும் கிடையாது. வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையும் அன்றைக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கேள்வியில் இருந்துதான் பாடம் ஆரம்பிக்கும்.

தெருவில் போகிறவர்களுக்கு இது பிடிபடவே இல்லை. பள்ளிக்கூடம் என்றால் தெருமுனை வரைக்கும் வாய்ப்பாடு கேட்க வேண்டாமா? "இன்னா டீச்சரே, சத்தமே காணும், புள்ளைங்க தூங்குதா?" என்று டீக்கடைக்காரர் தினமும் கேட்பார். உள்ளே பார்த்தால் பிள்ளைகள் கேள்வியாகக் கொட்டிக்கொண்டிருப்பார்கள். பயிற்சி விமானம் ஏன் நம்ம கூரைக்கு மேலேயே சுத்துது? ஏரித் தண்ணி ஏன் ஒரு கரையில மட்டும் பச்சையா இருக்குது? பாதி ரயில் ஏன் தாம்பரத்தோட நின்னுடுது, அந்தாண்ட இருக்கிறவங்க மனுஷங்க இல்லையா? எனக்குப் பாதிக்கு மேல் பதில் தெரியாது. தெரிந்துகொண்டு வந்து மறுநாள் சொல்வேன். அந்தப் பிள்ளைகளிடம் நான் படித்த அளவுக்குக் கல்லூரியில் படிக்கவில்லை.

அவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவளுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். ரயில் கேள்வி அவளுடையதுதான். ஒரு கேள்வி கேட்டு நான் பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வியைக் கையில் வைத்திருப்பாள். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்டி" என்று அவள் கன்னத்தைத் தட்டுவேன். அவள் அப்பா லாரியோடு வடக்கே போனவர், எப்போதாவது வருவார். அம்மா மாணவர்கள் சாப்பிடும் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்தாள். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, அந்த அம்மாவுக்கு அது அப்படியே பொருந்தும். அவள் குரல் வந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆள் வருவாள்.

முதல் ஆண்டு முடியும் தறுவாயில், கேக் விற்றுப் பணம் அனுப்பிய அந்த ஆசிரியைகளில் ஒருவர் நேரில் பார்க்க வந்தார். அவர் திரும்பிப் போய்ச் சொல்வதை வைத்துத்தான் அடுத்த ஆண்டுக்கு உதவி கிடைக்கும். கிடைக்காவிட்டால் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான். பிள்ளைகள் துணி எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு நூல் வெட்டப் போவார்கள். சாருக்கு ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. அம்மாக்களை எல்லாம் கூப்பிட்டுக் கூட்டம் போட ஏற்பாடு செய்தார். என்னிடம், "மெஸ் அம்மாவுக்கு மட்டும் சொல்ல வேண்டாம், வாயத் திறந்தா மூடாது" என்றார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. அவள் மகள் இரண்டு நாளாக வகுப்புக்கு வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வந்த அம்மையாருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கார் வேண்டாம் என்று சொல்லி, லேடீஸ் பெட்டியில் நின்றுகொண்டே பீச் ஸ்டேஷனில் இருந்து தாம்பரம் வரை வந்தார். பஜாரில் வாங்கிய ரப்பர் செருப்பைக் கொட்டகை வாசலில் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. அம்மாக்கள் எல்லோரும் பெட்டியில் இருந்த புடவையை எடுத்துக் கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். நான் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன்.

"இங்கே என்ன குறை இருக்கிறது?" என்று அவர் கேட்டார்.

"ஒரு கொறையும் இல்லம்மா, நல்லா கீது" என்றாள் முதல் அம்மா. அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவள், "சாமி மாதிரி பாத்துக்குறாங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். பிள்ளைகளுக்கு ஏதாவது கஷ்டம்? இல்லை. வீட்டில்? இல்லை. கூரை ஒழுகுமே? "அது மழ பேஞ்சாதான?"

விருந்தாளி முன்னால் வீட்டுக் குறையை யாராவது சொல்வார்களா? மூன்றாம் வீட்டுக்காரி வந்து கேட்டாலே சொல்ல மாட்டார்கள், இவர் கடல் தாண்டி வந்திருக்கிறார். சார் முகம் பூரித்துப் போயிருந்தது. ஆனால் அந்த அம்மையாரின் முகம் வரவர வாடியது. கடைசியில் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "இங்கே ஒரு குறையும் இல்லை என்று நான் போய்ச் சொன்னால், அப்படியானால் குறை இருக்கும் வேறு ஊருக்குக் கொடுக்கலாமே என்பார்கள்." சாருக்கு அதைத் தமிழில் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவர் பூரிப்பு அப்படியே இறங்கியது.

அப்போதுதான் வாசலில் குரல் கேட்டது. "வெள்ளக்காரம்மா வந்தா எல்லாரையும் கூப்ட்டு குந்த வப்பீங்கோ, என்ன மட்டும் உட்ருவீங்கோ, அப்டித்தான?"

மெஸ்ஸில் இருந்து நேராக வந்திருந்தாள். புடவைக் கரை ஈரம், முழங்கையில் சாம்பல். மகள் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "கொற கீதான்னுதான கேக்குறாங்கோ? நான் சொல்றேன், நீ அப்டியே அவங்க பாஷையில சொல்லு. மல மாதிரி கீது" என்றாள் என்னிடம்.

அவர்கள் குடியிருந்த வீட்டில், வாடகைக்காரர்கள் காலை ஆறு மணியோடு கிணற்றடியைக் காலி செய்துவிட வேண்டும் என்று ஒரு சட்டம். வீட்டுக்காரம்மா மட்டும் நாளெல்லாம் இறைப்பாள். இவள் மகள் நேரே போய், "கிணறு ஒண்ணுதான, உங்களுக்கு ஒரு நேரம் எங்களுக்கு ஒரு நேரம் ஏன்?" என்று கேட்டுவிட்டாள். மாதம் முடிவதற்குள் காலி பண்ணு என்றுவிட்டாள் வீட்டுக்காரம்மா.

"தினம் ஒரு கேள்வி கேளுன்னு நீதான சொல்லிக் குட்த்த? வாயுள்ள புள்ள பொழைக்கும்னியாமே? பொழைக்கிறதுக்கு வூடு வாணாமா? கேட்டதுக்கப்பறம் இன்னா பண்றதுன்னு சொல்லிக் குட்த்தியா? பேஜாரா பூட்ச்சி எம் பொழப்பு!"

சார் கண்ணாலேயே எனக்கு ஜாடை காட்டினார்: கொஞ்சம் பூசி மெழுகிச் சொல்லு. எனக்கு அவர் மேல் கோபம், பூ வைத்துக்கொண்டு பொய் சொன்ன அம்மாக்கள் மேல் கோபம், எல்லார் முன்னாலும் என் மானத்தை வாங்கிய இவள் மேலும் கோபம். கோபம் வந்தால் எனக்குப் பொய் வராது. ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன்.

அந்த அம்மையார் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்கள் பளிச்சென்று ஆகிவிட்டன. "அந்தப் பெண் தானாகவே இதைக் கேட்டாளா? எவ்வளவு நல்ல கேள்வி!"

"இன்னாத்துக்கு சிரிக்கிது இந்தம்மா?"

"உங்க பொண்ணு நல்ல கேள்வி கேட்டிருக்கான்னு சொல்றாங்க" என்றேன்.

"நல்ல கேள்விதான். எனக்குத் தெரியாதா? அந்தக் கெணத்தாண்ட நின்னுகினு எத்தினி வருசமா எம் மனசுலயும் அதான் ஓடிகினு கீது. நல்ல கேள்வி மழைக்கு ஒதுங்க எடம் குடுக்குமா, கேளு."

கேட்டேன். அம்மையார் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. பிறகு, "அப்படியானால் கேள்வி கேட்கச் சொல்லித்தருவதை நிறுத்திவிடலாமா?" என்றார்.

"நிறுத்த யாரு சொன்னது? வூடு பாத்துக் குடுங்கோன்றேன்" என்றாள்.

அடுத்த ஆண்டுக்கு உதவி கிடைத்தது. அதற்கடுத்த ஆண்டோடு நின்றும் போனது, அது வேறு கதை. சார் லட்டு வாங்கிக் கொடுத்தார். எனக்கு லட்டு இறங்கவில்லை. கேக் விற்ற காசில் வகுப்பு நடத்தலாமே ஒழிய, யாருக்கும் வீடு பார்த்துக் கொடுக்க முடியாது, டிரஸ்ட் விதியில் அதற்கு இடம் இல்லை. நான் மெஸ் அம்மாவோடு இரும்புலியூரில் தெருத் தெருவாக அலைந்தேன். போன இடமெல்லாம் முதல் கேள்வி, "நீங்க எந்த ஆளுங்க?" அதைத் தாண்டினால், "அந்த வாயாடிப் பொண்ணா?"

கடைசியில் எங்கள் வீட்டுப் பின் போர்ஷனே அவர்களுக்குக் கிடைத்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில் என் அப்பா பி.எஃப். பணத்தைப் போட்டுக் கட்டிய வீடு. வீட்டைக் கட்டிப் பார் என்பதற்கு அவரே சாட்சி, ஒவ்வொரு செங்கல்லும் எந்தச் சூளையில் வந்தது என்று சொல்வார். அம்மாவை விட்டுத் தூது அனுப்பி, ஒரு வாரம் சாப்பாட்டில் உப்பில்லாமல் போன பிறகு அவர் சம்மதித்தார். மீன்பாடி வண்டியில் அவர்கள் சாமான் வந்து இறங்கியது.

வந்ததில் இருந்து அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் மட்டும் இல்லை, வகுப்பிலும். அவள் முறை வரும்போது, "எனக்கு ஒண்ணும் இல்ல டீச்சர்" என்பாள். நான்தானே இப்போது அவளுக்கு வீட்டுக்காரர் மகள்.

எங்கள் கொல்லையில் கிணறு உண்டு. அதில் மோட்டார் போட்டு, பின்பக்கம் ஒரு குழாயும் வைத்திருந்தார் அப்பா. ஆனால் அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றி ரேடியோ மேல் வைத்திருப்பார். குடியிருப்பவர்களுக்கு அடிபம்புதான். தண்ணீர்ப் பஞ்சம் ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது, அதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கத்திரி வெயில் காலம், அவள் அந்த அடிபம்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நாலு அடிக்கு ஒரு வாய்த் தண்ணீர் வந்தது. பக்கத்திலேயே கைப்பிடி இல்லாத குழாய்.

"ஏன்டி, உனக்குக் கேள்வியே வரலையா?" என்றேன்.

"வருது டீச்சர். அம்மா கேக்கக் கூடாதுன்னுட்ச்சி. இந்த வூடும் பூட்ச்சின்னா எங்க போறது?"

நான் உள்ளே போனேன். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "அப்பா, பின்பக்கக் குழாய்க் கைப்பிடியை ஏன் கழட்டி வைக்கறீங்க?" என்றேன். அப்பாவிடம் நான் அதுவரை ஏன் என்று எதையும் கேட்டதில்லை.

அவர் பேப்பரை மடித்தார். கோபப்படவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர் போல என்னைப் பார்த்தார். "வீடு கட்டின நாள்லேருந்து அது அங்கதான் இருக்கு. நீ இத்தனை வருஷமா ஏன் கேக்கலை?"

ரேடியோ மேல் இருந்த கைப்பிடியை எடுத்தேன். அவர் எடு என்றும் சொல்லவில்லை, வை என்றும் சொல்லவில்லை. கொல்லைக்குப் போய் அதைக் குழாயில் பொருத்தித் திருகினேன். தண்ணீர் கொட்டியது. அவள் குடத்தை வைக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கும் வருமா டீச்சர்?"

வரும் என்று பொய் சொல்ல வாய் வரை வந்துவிட்டது. "தெரியலை. வா, கேட்டுட்டு வரலாம்" என்று அவள் கையைப் பிடித்தேன்.

போர்ஷன் வாசலில் அவள் அம்மா நின்றுகொண்டிருந்தாள். எங்களையும் குழாயையும் பார்த்தவுடன் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஊர் கேட்கப் பேசுகிறவள், புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மகளைத் தடுக்கவில்லை.

கூடத்தில் அப்பா முன்னால் போய் நின்று அந்தப் பெண்தான் கேட்டாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன்.