கடலுக்குப் போன ரேஷன் மண்ணெண்ணெய்

இண்டர்வியூ

"கடல் ஒத்துக்குமா?" என்று ஒருவர் கேட்டால், அது வேலைக்கான இண்டர்வியூ என்று நான் நம்பினேன். அப்போது எனக்கு முப்பது தாண்டி, கல்யாணமும் ஆகியிருந்தது. சின்னப் பையன், தெரியாமல் நம்பிவிட்டேன் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், ஆழ்வார்பேட்டையில் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் கிளார்க்காக இருந்தேன். அடையாறிலிருந்து ஒரு கஸ்டமர் வந்தார். ரிட்டயர் ஆன கப்பல் கேப்டன். சொந்தமாக ஒரு பாய்மரப் படகு வாங்கி ஹார்பரில் கட்டியிருந்தார். இரண்டு சிநேகிதர்களோடு பினாங்கு வரை போய்வரத் திட்டம். மாசக்கணக்கில் பயணம். சாமான் சேர்ப்பது என் பொறுப்பு.

முதல் நாள் படகுக்குள் இறங்கினேன். நம் வீட்டுக் குளியலறை அளவு இடத்தில் சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம். கேப்டன் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"தனபால், உனக்குக் கடல் ஒத்துக்குமா?"

"சூப்பரா ஒத்துக்கும் சார்."

"அப்ப உக்காரு. இன்னையிலேர்ந்து நீதான் இந்தப் படகுக்குப் பர்சர்."

பர்சர் என்றால் கப்பலில் சாமானும் கணக்கும் பார்க்கும் ஆபீசர். வீட்டுக்குப் போய் மனைவி கற்பகத்திடம் பினாங்கு போகிறேன் என்றேன்.

"நீச்சல் தெரியாத ஆளு இன்னாத்துக்குய்யா கடலுக்குப் போற?" என்றாள்.

கற்றுக்கொள்ளலாம் என்று தெப்பக்குளத்தைப் போய்ப் பார்த்தேன். உள்ளே கிரிக்கெட் மேட்ச் நடந்துகொண்டிருந்தது.

பாஸ்போர்ட்டும் என்னிடம் இல்லை. கேப்டன் கேட்கவும் இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பர்சர் வேலை

நெடும்பயணம் போகும் அந்தப் படகில் ஃப்ரிட்ஜ் கிடையாது. முட்டை ஓட்டின்மேல் வாஸ்லின் தடவி வைத்தால் வாரக்கணக்கில் கெடாதாம். மந்தைவெளியில் கடைகடையாக வாஸ்லின் டப்பா வாங்கினேன்.

"என்ன தனபாலு, வீட்டுல அத்தன பேருக்கும் உதடு வெடிச்சிட்டோ?" என்றார் கடைக்கார அண்ணாச்சி.

"முட்டைக்கு அண்ணாச்சி."

"முட்டைக்கு ஏதுய்யா உதடு?"

படகின் கிழிந்த பாய்த்துணியை தி.நகரில் பந்தல் துணி தைக்கிறவரிடம் கொடுத்துத் தைத்து வாங்கினேன். படகு டேங்க்கை நிரப்பக் கேன் கேனாகத் தண்ணீர் தூக்கினேன். அதே நேரம் எங்கள் தெருவில் லாரித் தண்ணீருக்குக் கற்பகம் குடத்தோடு நின்றாள்.

அடுத்தது அடுப்பு. "கேஸ் வேணாம்யா. லீக்கானா படகு அடியில தங்கிடும். ஒரு தீக்குச்சி போதும், நேரா சொர்க்கம்தான்" என்றார் கேப்டன். பம்ப் ஸ்டவ் வாங்கினோம். அதற்கு மண்ணெண்ணெய் வேண்டும். மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கார்டு வேண்டும். கார்டு யாருடையது? பர்சருடையது.

"அடுப்புக்கு நான் இன்னா உன் தலையவா ஊத்துறது?" என்று கேட்டாள் கற்பகம். "கேப்டனோட ஆர்டர்" என்றேன். அவள் மரத்தூள் அடுப்பை எடுத்துத் துடைத்தாள். அன்று அவள் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

ஒருநாள் ஹார்பருக்குள்ளேயே ஒரு பெரிய கப்பல் பக்கத்தில் போனது. எங்கள் படகு ஆடிய ஆட்டத்தில் நான் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கபாலியிலிருந்து முண்டகக்கண்ணி வரை அத்தனை தெய்வத்தையும் கூப்பிட்டேன். ஹார்பரிலேயே இப்படி என்றால் நடுக்கடலில்? அன்றே முடிவு செய்துவிட்டேன், போவதில்லை என்று. ஆனால் அதற்குள் தெருவுக்கே விஷயம் தெரிந்திருந்தது.

எதிர்வீட்டு மாமி ஒரு டின்னோடு வந்தார். "எங்காத்துப் பிள்ளை பினாங்குலதான் இருக்கான். இந்த வடாமை நேர்ல குடுத்துடுங்கோ. தபால்ல போட்டா பொடிப்பொடியா ஆயிடறது." அட்ரஸை டின்மேல் ஒட்டியிருந்தார். படகில் கொண்டுபோய் வைத்தேன்.

ஆபீசில் முன்பே லீவு கேட்டிருந்தேன். அப்போது மேனேஜர் சொன்னார்: "போறது போ. வந்தா சீட் இருக்கும்னு எதிர்பார்க்காதே."

கீழாநெல்லி

புறப்படும் நாள். தெற்கு மாடவீதியில் ஒரு கட்டு கீழாநெல்லி வாங்கி, அத்தாட்சியாகக் கையில் பிடித்துக்கொண்டு ஹார்பருக்குப் போனேன். பஸ் முழுக்க வசனத்தை ஒத்திகை பார்த்தேன்.

"சார், மஞ்சக்காமாலை. டாக்டர் கடல் காத்தே கூடாதுன்னுட்டாரு. மன்னிக்கணும், என்னால வர முடியாது."

கேப்டன் சிநேகிதர்களைப் பார்த்தார். "எங்க வர முடியாது?"

"பினாங்குக்கு."

"உன்னை யாருய்யா கூப்பிட்டா?"

"நீங்கதானே சார், கடல் ஒத்துக்குமான்னு கேட்டீங்க?"

"அன்னைக்கு உன் மூஞ்சி வாழைத்தண்டு மாதிரி வெளுத்திருந்தது. புது மெத்தையில வாந்தி எடுத்துடப் போறியேன்னு கேட்டேன்."

"பர்சர்னு சொன்னீங்களே?"

"பர்சர்னு கூப்பிட்டா நீ வேகமா ஓடுற."

மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

"சரி, வந்தது வந்துட்ட. பச்சை மிளகாய் மறந்துட்டோம். ஓடு பர்சர்."

ஓடினேன். அது ஒன்றுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. திரும்பி வந்தபோது கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். மிளகாய்ப் பையை வீசினேன். சரியாகப் படகுக்குள் விழுந்தது. என் கடல் வாழ்க்கையின் ஒரே சாதனை.

தெருவில் நுழைந்ததும் மாமி. "என்ன, அதுக்குள்ளே வந்துட்டேள்? வடாம்?"

"அது போய்க்கினு இருக்குது மாமி."

ஆபீசில் என் சீட்டில் மேனேஜர் தன் மச்சானை உட்காரவைத்திருந்தார். எனக்குக் குடோன் கிடைத்தது.

இந்த சப்ளை லைனுக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். கஸ்டமர் உங்களுக்கு ஒரு பட்டம் கொடுத்தால், அதற்கு என்ன வேலை என்று அங்கேயே வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். வெட்கம் ஒரு நிமிஷம்தான்.

அந்த வாரம் ரேஷன் கடைக்குப் போனேன். கடைக்காரர் கார்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா நைனா, பினாங்கு போவலியா? இந்த மாசம் எண்ணெய் வாங்கிட்டியே."

வாங்கியதென்னவோ உண்மை. அது வங்காள விரிகுடாவில் போய்க்கொண்டிருந்தது. மாசம் முடியும்வரை கற்பகம் மரத்தூள் அடுப்பில்தான் சமைத்தாள்.